பறிக்கும்போது நல்ல சரக்கு, இறக்கும்போது கெட்ட சரக்கு: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

பறித்தபோது பளபளவென்று இருந்த காய் இறக்கும் இடத்தில் வதங்கியோ அழுகியோ நின்றால், பழி சுற்றிச் சுற்றி வரும். தோட்டத்துக்காரர் வண்டியைச் சொல்வார், வண்டிக்காரர் ஏற்றிய விதத்தைச் சொல்வார், வாங்குபவர் மொத்தச் சரக்கையும் ஒதுக்குவார், கடைசியில் குளிர்சாதன வண்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்ல, அதற்குப் பணத்தைக் கொட்டிய பிறகும் அதே கறை, அதே அழுகல். இந்தக் கோளாறுகளைத் திரும்பத் திரும்பச் சரிசெய்து பார்த்ததில் நான் உறுதியாகச் சொல்வது இதுதான்: கெடுதல் கண்ணில் படுகிற இடம் வேறு, அது நடந்த இடம் வேறு. பெரும்பாலும் பறித்த முதல் சில மணி நேரத்திலேயே நடந்து முடிந்திருக்கும். அதனால் காசு செலவில்லாத சோதனைகளை முதலில் முடியுங்கள்.

தொடங்குமுன்: ஒரு பெட்டியை அனுப்பாமல் வையுங்கள்

ஒவ்வொரு லோடிலும் அதே பறிப்பிலிருந்து, அதே ஆட்கள் நிரப்பிய ஒரு பெட்டியை வண்டியில் ஏற்றாமல் கொட்டகையிலேயே நிழலில் நிறுத்தி வையுங்கள். நான் இதைச் சாட்சிப் பெட்டி என்று சொல்வேன். போன சரக்கும் நின்ற சரக்கும் ஒரே மாதிரி கெட்டால் கோளாறு தோட்டத்திலோ பறிப்பிலோ இருக்கிறது. போனது மட்டும் கெட்டால் ஏற்றுவது, பயணம், இறக்குவது இந்த மூன்றில் ஒன்று. எந்தக் கருவியும் இல்லாமல் பாதித் தகராறு இதிலேயே தீர்ந்துவிடும்.

இது தவிர, காய்க்குள் குத்தி அளக்கும் வெப்பமானி ஒன்று, தராசு, மார்க்கர் பேனா. வெப்பமானி சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க, நொறுக்கிய ஐஸில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கலக்கி அதில் வையுங்கள், 0 டிகிரி காட்ட வேண்டும். இங்கே நான் சொல்கிற டிகிரி எல்லாம் செல்சியஸ்.

அறிகுறி 1: வதங்கல், சுருக்கம், எடை குறைவு

கீரை தொங்கிப்போகிறது, கேரட் வளைகிறது, கத்தரிக்காய் மினுமினுப்பு இழந்து தோல் சுருங்குகிறது. எல்லாமே தண்ணீர் இழப்புதான். கீரைக்கு எடையில் 3 சதவீதம் போனாலே முகம் வாடிவிடும், தக்காளி 7 சதவீதம் வரை தாங்கும், வெங்காயம் 10 வரை தாங்கும். ஏற்றும்போது ஒரு பெட்டியை எடை போட்டு அதன் மேலேயே எழுதிவிடுங்கள், இறக்கியதும் அதே பெட்டியை மறுபடி போடுங்கள். எடை போட்ட பெட்டி எங்கே எவ்வளவு இழந்தது என்று கண் முன்னே தெரியும்.

முதலில் நிழலைப் பாருங்கள். பறித்த காய் வெயிலில் எவ்வளவு நேரம் நிற்கிறது? ஒரு மணி நேரம் வெயிலில் கிடந்த தக்காளிக்குள் வெப்பமானியைக் குத்தினால், நிழலில் வைத்ததைவிட 10 டிகிரிக்கும் மேல் காட்டுவது உண்டு. அதோடு 10 டிகிரி ஏறினால் காய் சுவாசிக்கிற வேகம் இரண்டு மடங்கோ மூன்று மடங்கோ ஆகிவிடும், அதாவது நாளைக்கு வர வேண்டிய முதுமை இன்றைக்கே வந்துவிடுகிறது. மரத்தடி, வெள்ளைத் துணி, ஓலைக் கூரை எதுவானாலும் சரி. கறுப்புத் தார்ப்பாயை நேராகக் காயின் மேல் போர்த்துவது மட்டும் வேண்டாம், அடியில் சூடு கட்டிக்கொள்ளும்.

நிழல் இருந்தும் வதங்கினால் பறிக்கிற நேரத்தைப் பாருங்கள். காலைக் குளிர்ச்சியில் பறிப்பது பெரும்பாலானவற்றுக்கு நல்லது. எலுமிச்சை, ஆரஞ்சு வகைக்கு மட்டும் பனி காயும் வரை பொறுக்க வேண்டும். விடிகாலையில் அந்தத் தோல் தண்ணீர் முட்டி நிற்கும், கை அழுத்தினாலே எண்ணெய்ப் பைகள் உடைந்து இரண்டு மூன்று நாளில் தோலில் பழுப்புத் திட்டு விழும்.

அடுத்தது இலையும் தழையும். முள்ளங்கி, கேரட், பீட்ரூட் ஆகியவற்றை இலையோடு அனுப்பினால் இலை கிழங்கிலிருந்து தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே போகும். வாங்குபவர் இலை கேட்கவில்லை என்றால் வெட்டிவிடுங்கள்.

பிறகு காற்று. தார்ப்பாய் கட்டாத திறந்த வண்டியில் ஓட்டமே விசிறியாகிவிடுகிறது. மேலே மூடி, பக்கவாட்டில் கொஞ்சம் காற்று போக விடுங்கள். ஈரச் சாக்கு கீரைக்கும் இலை வகைக்கும் நல்லது, வெங்காயம் பூண்டு பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்து குளிர் அறைக்குள் வைத்தும் வதங்கினால் அறையின் ஈரப்பதம் குறைவு. இலை வகைகளுக்கு 95 சதவீதத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். தரையில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். அதற்கும் நிற்கவில்லை என்றால் குளிர்விக்கும் சுருள் அறையின் அளவுக்குச் சிறியதாக இருக்கலாம், சிறிய சுருள் ரொம்பக் குளிர்ந்து காற்றிலுள்ள ஈரத்தையெல்லாம் தன்மேல் உறைய வைத்துக்கொள்ளும். இந்த இடத்தில் குளிர்பதன மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள், நீங்களாக எதையும் கழற்ற வேண்டாம்.

அறிகுறி 2: நசுங்கல், கன்றல், உரசல்

அடி எங்கே பட்டது என்று காயே காட்டும். பெட்டியைத் தலைகீழாகக் கொட்டாமல் ஒவ்வொரு அடுக்காக எடுத்து வையுங்கள், எந்த அடுக்கில் எந்த மாதிரி அடி என்று பாருங்கள்.

வட்டமாக ஒரே இடத்தில் மெத்தென்று இருந்தால்

விழுந்த அடி. பறித்துக் கூடையில் எறிவது, கூடையைக் கிரேட்டில் கவிழ்ப்பது, கிரேட்டைத் தரையில் தொப்பென்று வைப்பது. இது எல்லா அடுக்கிலும் சிதறிக் கிடக்கும், சாட்சிப் பெட்டியிலும் இருக்கும். கஷ்டம் என்னவென்றால் அன்றைக்குத் தெரியாது, ஒரு நாள் கழித்துத்தான் வெளியே வரும், அதனால்தான் வண்டிக்காரர் மேல் பழி போகிறது. தக்காளியில் வெளியே ஒன்றுமே இல்லாமல் உள்ளே அடிபட்டிருக்கும். குறுக்காக வெட்டிப் பாருங்கள், நல்ல பழத்தில் விதையைச் சுற்றியுள்ள கூழ் தெளிவாக, பழத்தின் நிறத்தோடு சேர்ந்து இருக்கும். அடிபட்ட அறையில் மட்டும் அது கலங்கிப்போய் மஞ்சள் பச்சையாக நிற்கும். மருந்து எதுவும் கிடையாது. ஒரு பழம் எத்தனை முறை கை மாறுகிறது என்று தோட்டத்திலிருந்து வண்டி வரை பின்னாலேயே நடந்து எண்ணுங்கள், அதில் ஒரு கவிழ்ப்பைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும். பறித்த பெட்டியிலேயே தரம் பிரித்து அனுப்ப முடிந்தால் இன்னும் நல்லது.

ஒரு பக்கம் தட்டையாக அமுங்கியிருந்தால்

பாரம். அடிப் பெட்டிகளில் மட்டும் இருந்தால் பெட்டிக்கு வலு போதவில்லை, அட்டை ஈரமாகித் தளர்ந்திருக்கும் அல்லது அடுக்கு உயரம் அதிகம். எல்லாப் பெட்டியிலும் மேல் வரிசை மட்டும் அமுங்கியிருந்தால் விளிம்புக்கு மேல் நிரப்பியிருக்கிறார்கள், அப்போது மேல் கிரேட்டின் பாரத்தைக் கிரேட்டின் சுவர் தாங்காமல் காய் தாங்குகிறது. விளிம்புக்கு இரண்டு விரல் கீழே நிறுத்தச் சொல்லுங்கள். பெட்டிக்கு இரண்டு கிலோ குறைகிறதே என்று மனம் கேட்காது, ஆனால் அந்த இரண்டு கிலோவைத்தான் இறக்கியதும் கழிவில் கொட்டுகிறோம்.

தோல் தேய்ந்து கறுத்திருந்தால்

அதிர்வு. பேரிக்காய், கொய்யா, வாழை, வெண்டையில் பளிச்சென்று தெரியும். வண்டியின் பின்பக்கம், அதிலும் அடுக்கின் உச்சியில் இருந்த பெட்டிகளில்தான் அதிகம் இருக்கும், ஏனென்றால் குலுக்கல் அங்கேதான் அதிகம். ஏற்றும்போது பெட்டி எண்ணையும் அது வைத்த இடத்தையும் எழுதி வைத்தால் இதை உறுதி செய்யலாம். தளர்வாக நிரப்பிய பெட்டிக்குள் காய் உருளும், அதற்கு மேலே காகிதமோ மெல்லிய அட்டையோ வைத்து இடைவெளியை அடையுங்கள். அடுக்குகளை இறுகக் கட்டுங்கள். டயரில் காற்று அதிகமாக இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பிளாஸ்டிக் கிரேட்டின் உள்விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், பிசிறு விரலைக் கீறினால் காயையும் கீறத்தான் செய்யும், உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். இதெல்லாம் பார்த்த பிறகும் பின்பக்கம் மட்டும் அடி வாங்கினால் வண்டியின் பட்டை ஸ்பிரிங்கை ஒரு மெக்கானிக் பார்க்கட்டும்.

அறிகுறி 3: அழுகல், பூசணம், கொழகொழப்பு

இதில் அவசரப்படாதீர்கள். அழுகல் என்றதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறவர்கள் அதிகம், ஆனால் அழுகல் எந்த இடத்தில் ஆரம்பித்தது என்று பார்க்காமல் ஊற்றும் மருந்து வீண், எச்சம் வேறு ஒட்டிக்கொள்ளும். முழுசாக அழுகியதைத் தள்ளிவிட்டு, இப்போதுதான் ஆரம்பித்த பத்து இருபது பழங்களைப் பொறுக்கி வரிசையாக வையுங்கள்.

காயத்திலிருந்து ஆரம்பித்தால், அதாவது கீறல், நகக்குறி, காம்பு பிய்ந்த ஓட்டை இவற்றைச் சுற்றி இருந்தால், அறிகுறி 2-க்குத் திரும்புங்கள். நகத்தை வெட்டுவது, கையுறை, காம்பைப் பிய்க்காமல் கத்தரித்து எடுப்பது, இவைதான் மருந்து. காம்பை நீளமாக விட்டாலும் அது பக்கத்துப் பழத்தைக் குத்தும், ஒட்டக் கத்தரிக்கச் சொல்லுங்கள். மாம்பழம் மட்டும் விதிவிலக்கு. அதைக் கொஞ்சம் நீளமான காம்போடு பறித்து, பிறகு காம்பை எடுத்துக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட வேண்டும், இல்லையென்றால் பால் பட்ட இடமெல்லாம் கருகும்.

காயமே இல்லாத இடத்தில் வட்ட வட்டமாகக் கறுப்புப் புள்ளி விழுந்து பழுக்கப் பழுக்கப் பெரிதானால் (மா, பப்பாளி, வாழை) அது தோட்டத்திலேயே தோலுக்குள் போய் உறங்கிக் கிடந்த பூசணம். சாட்சிப் பெட்டியிலும் அதே புள்ளி வரும். வண்டியைக் குறை சொல்லிப் பயனில்லை. அடுத்த பருவத்துக்குக் காய்ந்த கிளை கழிப்பது, பூக்கும் காலப் பாதுகாப்பு எல்லாம் பார்க்க வேண்டும். பறித்த பிறகு மாம்பழத்துக்கு 52 டிகிரி வெந்நீரில் 5 நிமிடம் என்பது பழக்கத்தில் உள்ள முறை. இரண்டு மூன்று டிகிரி கூடினாலே தோல் வெந்துவிடும், அதனால் ஒரு பெட்டியில் சோதித்துவிட்டு மற்றதில் கை வையுங்கள். அப்படியும் ஒவ்வொரு லோடிலும் திரும்பினால் மாதிரியை எடுத்துக்கொண்டு பயிர் நோய் நிபுணரிடம் போவதுதான் வழி. எந்தப் பூசணம் என்று பெயர் தெரியாமல் மருந்து தேர்வு செய்ய முடியாது.

கழுவிய சரக்கு மட்டும் அழுகினால் கழுவிய தண்ணீரே காரணம். கழுவாத பெட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். ஒரு அழுகல் விழுந்த தொட்டி, அன்று அதில் முங்கிய எல்லாப் பழத்துக்கும் கிருமியைப் பங்கு வைத்துவிடும். குளோரின் போடுவதாக இருந்தால் 100 முதல் 150 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் அத்தனை பங்கு), தண்ணீரின் பிஎச், அதாவது அமில கார அளவு, 6.5-க்கும் 7.5-க்கும் நடுவில். பரிசோதனைத் தாள் சுலபமாகக் கிடைக்கும், கண் மதிப்பில் ஊற்றாதீர்கள். மண்ணும் இலையும் சேர்ந்தால் குளோரின் அதிலேயே செலவாகிவிடும், அதனால் தண்ணீர் கலங்கினால் மாற்றியே ஆக வேண்டும். இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. சூடான தக்காளியைக் குளிர்ந்த தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்பு இருந்த தழும்பு வழியாகத் தண்ணீரையும் கிருமியையும் உள்ளே இழுத்துக்கொள்ளும். பழத்தைவிடத் தண்ணீர் 5 டிகிரியாவது கூடுதலாக இருக்கட்டும். கழுவினால் காயவைத்துத்தான் பெட்டியில் போட வேண்டும், காயவைக்க இடமில்லை என்றால் கழுவாமல் துடைத்து அனுப்புவது எவ்வளவோ மேல்.

குடலைப் புரட்டும் நாற்றத்தோடு கொழகொழவென்று ஆனால் அது பாக்டீரியா. உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ் மூட்டைகளில் வரும். ஈரத்தோடு மூட்டை கட்டியதும் உள்ளே காற்று போகாததும் சேர்ந்து செய்கிற வேலை. அந்த மூட்டையைப் பிரித்து நல்லதைப் பொறுக்கிக் காப்பாற்றப் பார்க்காதீர்கள், கையிலும் கத்தியிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த மூட்டைக்குப் போகும். அப்படியே ஒதுக்கிவிட்டு, கிரேட்டுகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவையுங்கள்.

அறிகுறி 4: குளிரில் வைத்தேன், அப்படியும் கெட்டது

இதில் இரண்டு நேர் எதிரான கோளாறுகள் உண்டு: ஒன்று, போதுமான குளிர் சரக்குக்குள் போகவே இல்லை, மற்றது, தாங்க முடியாத குளிர் போய்விட்டது. வெப்பமானியைக் காயின் நடுவில் குத்தினால்தான் எது என்று தெரியும், அறைச் சுவரில் இருக்கும் எண் காற்றின் வெப்பத்தைத்தான் சொல்கிறது.

காயின் நடுவில் இன்னும் சூடு இருந்தால்

குளிர்சாதன வண்டி, குளிர்ந்த சரக்கைக் குளிராகவே வைத்திருக்கச் செய்யப்பட்டது. சூடான சரக்கைக் குளிர வைக்கிற பலம் அதற்குக் கிடையாது. இதைப் புரிந்துகொள்ளாமல் போகும் பணம்தான் இந்தத் தொழிலிலேயே பெரிய நஷ்டம் என்பேன். குளிர்வது எப்படி நடக்கிறது என்று ஒரு கணக்கைப் பாருங்கள். காய் 32 டிகிரி, அறை 8 டிகிரி, வித்தியாசம் 24. அதில் பாதி இறங்கி 20 டிகிரி ஆக நான்கு மணி நேரம் ஆனால், மிச்சத்தில் பாதி இறங்கி 14 ஆக இன்னொரு நான்கு மணி நேரம், 11 ஆக மறுபடியும் நான்கு. ஆக 12 மணி நேரம். நெருக்கமாக அடுக்கிய அட்டைப் பெட்டியில் நடுப்பெட்டிக்கு ஒரு நாளுக்கு மேலும் ஆகும்.

சரி, என்ன செய்வது? முதலில் பெட்டியின் காற்று ஓட்டைகள் ஒன்றுக்கொன்று நேராக வருகிறதா பாருங்கள், பக்கச் சுவரில் 5 சதவீதமாவது ஓட்டை வேண்டும், உள்ளே போட்ட காகிதம் அதை அடைத்திருக்கக் கூடாது. அடுக்குகளைச் சுவரை ஒட்டாமல், தரையை ஒட்டாமல், குளிர்காற்று வரும் வழியையும் திரும்பும் வழியையும் மறைக்காமல் வையுங்கள். பிறகு விசிறி. இரண்டு வரிசை அடுக்குக்கு நடுவில் சந்து விட்டு, மேலேயும் பின்னாலும் தார்ப்பாயால் மூடி, முன்னால் ஒரு விசிறி வைத்துச் சந்துக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சினால் குளிர்ந்த காற்று பெட்டிகளுக்குள் புகுந்துதான் ஆக வேண்டும், நேரம் பல மடங்கு குறையும். இதன் பிறகும் அறை சொன்ன வெப்பத்துக்கு இறங்கவில்லை, சுருளில் ஐஸ் கட்டியாகப் பிடித்திருக்கிறது, அல்லது கம்ப்ரசர் நிற்காமல் ஓடுகிறது என்றால் மெக்கானிக் வேலை. கூப்பிடுமுன் கதவு ரப்பரில் ஒரு காகிதத்தைச் செருகிக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள், சுலபமாக வந்துவிட்டால் கோளாறு ரப்பரில் இருக்கலாம்.

நன்றாகக் குளிர்ந்திருந்தும் குழி, கறுப்பு, ருசியின்மை இருந்தால்

குளிர்க் காயம். வெப்ப நாட்டுக் காய்கள் உறையும் அளவுக்கு வெகு மேலேயே அடிபட்டுவிடும். வாழைக்கு 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்தாற்போல மங்கும், பழுத்தாலும் பளிச்சென்ற மஞ்சள் வராது. பச்சைத் தக்காளிக்கும் கிட்டத்தட்ட 13, வெள்ளரிக்கும் கத்தரிக்கும் 10, வெண்டைக்கு 7. இதற்குக் கீழே சில மணி நேரம் என்றால் தப்பலாம், நாள் கணக்கில் என்றால் கிடையாது. குளிருக்குள் இருக்கும்வரை நன்றாகத்தான் தெரியும், வெளியே எடுத்து ஒரு நாள் ஆனதும் குழிகுழியாக விழுந்து, அந்தக் குழியில் பூசணம் ஏறும். கீரை, கேரட், முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இவற்றுக்கு 0 டிகிரியே சுகம், அதனால் இரண்டு கூட்டத்தையும் ஒரே அறையில் வைத்தால் ஒன்று கெட்டே தீரும். ஒரே அறைதான் இருக்கிறது என்றால் அதைக் கீரைக்குக் கொடுத்துவிட்டு, வாழையையும் தக்காளியையும் வெளியே நிழலில் காற்றோட்டமாக வையுங்கள்.

வெளியே எடுத்ததும் காய் மேல் வியர்த்தால் துடைக்க ஆரம்பிக்காதீர்கள். மூடிய பெட்டியோடு நிழலில் வைத்து மெதுவாக வெளிச்சூட்டுக்கு வரவிடுங்கள்.

அறிகுறி 5: பழுக்கவில்லை, நிறம் ஏறவில்லை, அல்லது வழியிலேயே பழுத்துவிட்டது

பழுக்கவில்லை என்றால் முற்றாத காயைப் பறித்தீர்களா என்று முதலில் பாருங்கள். பச்சைத் தக்காளியைக் கூர்மையான கத்தியால் குறுக்கே வெட்டுங்கள். விதைகளும் சேர்ந்து வெட்டுப்பட்டால் இளசு, சரியாகப் பழுக்காது. கத்தியின் முன் விதை கூழுக்குள் வழுக்கி ஒதுங்கினால் முற்றிய காய். மாங்காயில் காம்புக்குப் பக்கத்துத் தோள் உப்பி எழுந்திருக்க வேண்டும், தண்ணீரில் போட்டால் முற்றியது மூழ்கும். திராட்சை, மாதுளை, அன்னாசி, எலுமிச்சை வகை எல்லாம் பறித்த பிறகு இனிப்பு ஏறவே ஏறாது, அதற்கு எந்த அறையும் உதவாது.

முற்றிய தக்காளி சிவக்காமல் ஆரஞ்சு மஞ்சளாகவே நின்றால் 30 டிகிரிக்கு மேல் சூட்டில் இருந்திருக்கிறது, அந்தச் சூட்டில் சிவப்பு நிறமி உருவாகாது. 20 டிகிரி பக்கம் கொண்டுவாருங்கள். வாழையும் அதிகச் சூட்டில் உள்ளே பழுத்துத் தோல் பச்சையாகவே நிற்கும்.

பழுக்க வைக்கும் அறையில் எத்திலீன், அதாவது பழுக்கத் தூண்டும் வாயு, 100 பிபிஎம் போதும், வாழைக்கு 14 முதல் 18 டிகிரியில் ஒரு நாள், அப்புறம் காற்று மாற்றம். சீராக நிறம் வராவிட்டால் வாயுவைக் கூட்டாதீர்கள், பழம் விடும் கார்பன் டை ஆக்சைடு உள்ளே தேங்கித் தடுத்துக்கொண்டிருக்கும், கதவைத் திறந்து வெளியேற்றுங்கள். அந்த அறைக்குள் காற்று மாறுமுன் ஆள் நுழையவும் கூடாது. காற்றில் எத்திலீன் 2.7 சதவீதத்தைத் தாண்டினால் தீப்பொறி பட்டு வெடிக்கும், எனவே சிலிண்டர், குழாய், கசிவு எல்லாம் பயிற்சி பெற்றவர் பார்க்க வேண்டியவை. கார்பைடு கல் பக்கமே போகாதீர்கள், அதில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு வரும், பல நாடுகளில் தடையும் உண்டு.

வழியிலேயே பழுத்துவிட்டது என்றால் பெட்டிக்குள் முன்னமே பழுத்த ஒன்றோ அடிபட்ட ஒன்றோ இருந்திருக்கும், அது விடும் எத்திலீன் மற்றதையும் எழுப்பிவிடும். இதே வாயுதான் பக்கத்தில் வைத்த வெள்ளரியை மஞ்சளாக்குவது, புரோக்கோலியை மஞ்சளாக்குவது, கேரட்டைக் கசக்க வைப்பது. ஆப்பிள், பழுத்த வாழை, மா, பப்பாளி இவற்றோடு அந்தக் காய்களை ஒரே வண்டியில் ஏற்றாதீர்கள்.

இன்னும் சில, சுருக்கமாக

உருளைக்கிழங்கு பச்சையானால் வெளிச்சம் பட்டிருக்கிறது, சோலனின் என்ற நச்சு சேர்ந்திருக்கும், விற்கக் கூடாது. 4 டிகிரிக்குக் கீழ் வைத்தால் இனிப்பேறி வறுக்கும்போது கறுக்கும். வெங்காயம் முளைத்தால் கழுத்து காயாமல் மூட்டை கட்டியிருக்கலாம், அல்லது 10 முதல் 20 டிகிரி என்ற முளைக்கத் தோதான சூட்டில் வைத்திருக்கலாம். வெண்டைக்காயின் மேடான வரிகளில் கறுப்புக் கோடு என்றால் ஈரத்தோடு அமுக்கி நிரப்பியது.

நிபுணரைக் கூப்பிடும்போது கையில் வைத்திருக்க வேண்டியது

பறித்த நேரம், ஏற்றிய நேரம், இறக்கிய நேரம், இந்த மூன்று இடத்திலும் காயின் நடுவில் எடுத்த வெப்பம், பெட்டி எடை இரண்டும், கெடுதல் ஆரம்பித்த நிலையில் எடுத்த படம், சாட்சிப் பெட்டியின் படம். அழுகலை ஆய்வகத்துக்கு அனுப்பினால் முழுசாக அழுகியதை அனுப்பாதீர்கள், அதில் பின்னால் வந்து குடியேறியவைதான் வளரும். நல்ல சதையும் கெட்ட சதையும் சந்திக்கும் ஓரம் இருக்கிற பழங்களைக் காகிதத்தில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் அடைக்காமல், அன்றைக்கே அனுப்புங்கள்.